சனிக்கிழமை சாயங்காலம் கடற்கரைச் சாலையில் போருக்கு எதிராக நிற்க யார் யார் வருகிறீர்கள்?

கடற்கரைச்சாலை எழுதியது:

புதுச்சேரி, கடலூர், பாகூர், பண்ருட்டிப் பக்கத்து ஆட்கள் இதை நிதானமாகப் படியுங்கள், கொஞ்சம் நீளமான பதிவு.

சனிக்கிழமைதோறும் சாயங்காலம் புதுச்சேரி கடற்கரைச் சாலையில் வாகனப் போக்குவரத்தை நிறுத்திய பிறகு ஒரு மணி நேரம் பதாகை பிடித்து நிற்க ஆள் தேடுகிறேன். கோஷம் இல்லை, மைக் இல்லை, கட்சிக் கொடி இல்லை. போரில் சாகிற சாதாரண ஜனங்களுக்காக நிற்கிறோம், எந்த நாட்டுப் போராக இருந்தாலும் சரி.

ஏன் இப்போது என்று கேட்பீர்கள். காசாவில் 2025 அக்டோபர் 10 அன்று போர்நிறுத்தம் வந்ததும் நம் ஊரில் பேச்சே அடங்கிவிட்டது. அதுவரை கூட்டம் போட்டவர்கள், ஸ்டேட்டஸ் வைத்தவர்கள் எல்லோரும் அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். ஆனால் அக்டோபர் 28 ராத்திரி ஆரம்பித்த குண்டுவீச்சில், விடிந்து பார்த்தால் நூறு பேருக்கு மேல் செத்திருந்தார்கள் என்று காசா சுகாதார அமைச்சகம் சொன்னது, அதில் நாற்பதுக்கு மேல் குழந்தைகள். இதுதான் போர்நிறுத்தம். அதே வாரம் சூடானில் எல் ஃபாஷர் நகரம் ஒன்றரை வருஷ முற்றுகைக்குப் பிறகு துணை ராணுவப் படையின் கையில் விழுந்தது. அங்கே ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் மட்டும் நோயாளிகளும் கூட இருந்தவர்களுமாக 460 பேருக்கு மேல் கொல்லப்பட்டதாகத் தகவல் வந்திருப்பதாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. நம் சேனல்களில் அது எத்தனை நிமிஷம் ஓடியது? உக்ரைனில் 2022 பிப்ரவரியில் ஆரம்பித்தது இன்னும் ஓயவில்லை. மியான்மரில் 2021லிருந்து ராணுவம் சொந்த ஜனங்கள் மேலேயே விமானத்திலிருந்து குண்டு போடுகிறது.

வருஷத்துக்கு ஒரு பெரிய கூட்டம் போட்டுக் கலைவதைவிட, வாராவாரம் அதே இடத்தில் அதே நேரத்தில் ஐந்து பேர் நிற்பது மேல் என்று நினைக்கிறேன். நான் புதிதாகக் கண்டுபிடித்தது இல்லை இது. 1988 ஜனவரியில் ஜெருசலேமில் சில இஸ்ரேலியப் பெண்கள் கறுப்பு உடுத்தி, வெள்ளிக்கிழமைகளில், ஆக்கிரமிப்பை நிறுத்தச் சொல்லும் பலகையோடு வாய் திறக்காமல் நிற்க ஆரம்பித்தார்கள். போகிறவர் வருகிறவர் எல்லாம் வாய்க்கு வந்தபடி ஏசினார்கள், இவர்கள் அடுத்த வெள்ளியும் வந்து நின்றார்கள். 1991ல் யூகோஸ்லாவியா உடைந்து சண்டை மூண்டபோது பெல்கிரேடில் செர்பியப் பெண்கள் தங்கள் சொந்த அரசாங்கத்துக்கு எதிராக அதேபோல் கறுப்பு உடுத்தி நின்றார்கள்.

நிற்பதோடு இன்னும் இரண்டு வேலை வைத்திருக்கிறேன். ஒன்று, சாப்பாட்டுக்குப் பணம் அனுப்புவது. இரண்டாவது, நம் எம்.பி.க்களுக்குக் கடிதம். விவரம் அப்புறம் எழுதுகிறேன். முதலில் யார் வருவீர்கள், யாருக்கு என்ன ஆட்சேபணை, எழுதுங்கள்.

மஞ்சக்குப்பத்தான் எழுதியது:

நல்ல மனசோடுதான் எழுதியிருக்கிறீர்கள், சந்தேகமே இல்லை. இருந்தாலும் மனசில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். 2003 பிப்ரவரி 15 ஞாபகம் இருக்கிறதா? ஈராக் போர் வேண்டாம் என்று உலகம் பூராவும் நூற்றுக்கணக்கான நகரங்களில் ஒரே நாளில் ஜனங்கள் இறங்கினார்கள். ரோமில் மட்டும் முப்பது லட்சம் பேர் என்றார்கள். மனித சரித்திரத்திலேயே பெரிய போர் எதிர்ப்பு. மார்ச் 20ஆம் தேதி குண்டு விழ ஆரம்பித்துவிட்டது. கோடிக்கணக்கான ஜனம் நின்றே நிற்காத போர், ஐஸ்கிரீம் சாப்பிட வருகிற டூரிஸ்ட்டுகள் நடுவே ஐந்து பேர் நின்றால் நிற்குமா?

இன்னொன்று. 2015 வெள்ளத்தில் கடலூர் மாவட்டம் என்ன பாடு பட்டது என்று எல்லோருக்கும் தெரியும். சிப்காட் தொழிற்பேட்டை காற்றைக் கெடுப்பதற்கு எதிராகக் கூட்டம் கூப்பிட்டால் இன்றைக்கும் பழைய முகங்கள்தான் வருகின்றன. இருக்கிற நாலு பேரையும் சூடானுக்கு இழுத்துக்கொண்டு போனால் இங்கே யார் நிற்பது?

கடற்கரைச்சாலை எழுதியது:

//மார்ச் 20ஆம் தேதி குண்டு விழ ஆரம்பித்துவிட்டது//

விழுந்தது அண்ணே, மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கதையில் நாம் பாதியோடு நிறுத்திக்கொள்கிறோம். 2003 மார்ச் 1 அன்று அங்காராவில் ஜனங்கள் தெருவில் திரண்டு நிற்க, துருக்கி நாடாளுமன்றத்தில் அமெரிக்கப் படை தங்கள் மண் வழியாக ஈராக்குக்குள் போக அனுமதிக்கும் தீர்மானம் தோற்றது. அரசாங்கமே கொண்டுவந்த தீர்மானம் அது. வடக்கேயிருந்து போட்ட திட்டம் அதோடு போச்சு.

நம் நாட்டுக்கு வருவோம். ஈராக்குக்கு ஒரு டிவிஷன் படை அனுப்பும்படி அமெரிக்கா இந்தியாவைக் கேட்டது. அனுப்பலாம் என்று சொல்ல டெல்லியில் ஆட்கள் இருந்தார்கள். எதிர்க்கட்சிகள், இடதுசாரிகள், வெளியே பொதுஜனக் கருத்து எல்லாம் எதிராக இருந்ததால் வாஜ்பாய் அரசு 2003 ஜூலை 14 அன்று முடியாது என்று சொல்லிவிட்டது. அனுப்பியிருந்தால் அந்தப் படையில் வேலூர், கடலூர், விழுப்புரத்துப் பிள்ளைகள் இல்லாமலா இருந்திருப்பார்கள்? அப்படித் திரும்பி வராமல் போயிருக்கக்கூடியவர்கள் இன்றைக்கு நம்மோடு நடமாடிக்கொண்டிருக்கிறார்கள், யார் என்று நமக்குத் தெரியாது, அவர்களுக்கும் தெரியாது. அதை யாரும் கணக்கில் எழுதுவதில்லை.

சிப்காட்டுக்குக் கூப்பிடுங்கள், வருகிறேன். ஒன்றுக்கு வருகிறவன்தான் மற்றதற்கும் வருவான் என்பது என் அனுபவம்.

சொல்தா பேத்தி எழுதியது:

நான் வருகிறேன். என் தாத்தா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர், எங்கள் தெருவில் சொல்தா வீடு என்றால்தான் தெரியும். இந்தோசீனாவில் சண்டை போட்டுவிட்டு வந்தவர். வருஷா வருஷம் ஜூலை 14க்குக் கோட்டுப் போட்டு, மெடல் குத்திக்கொண்டு கடற்கரைச் சாலை நினைவுச் சின்னத்துக்குப் போவார், பாட்டி கூடவே போவார். அங்கே என்ன நடந்தது என்று வாய் திறந்ததில்லை. ஆனால் எங்கேயாவது வைக்கோலைக் கொளுத்தினால் அந்த இடத்தில் நிற்க மாட்டார், அரக்கப்பரக்க எழுந்து போய்விடுவார். காரணம் கேட்டால் பாட்டி கண்ணாலேயே அடக்கிவிடுவார். அவர் போனபிறகுதான் அந்தக் காலத்துப் படைகள் வியட்நாம் கிராமங்களில் கூரை வீடுகளைக் கொளுத்தினதைப் பற்றிப் படித்தேன். அவர் செய்தாரா, பார்த்தாரா, எனக்குத் தெரியாது. நம் ஊர்ப் பையன் ஒருவன், எவன் நாட்டுக்காகவோ, இன்னொரு நெல் விளைகிற ஊரில் போய் அதைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறான்.

அது பழைய கதை என்று விடவும் முடியவில்லை. ஹெல்பர் வேலை, செக்யூரிட்டி வேலை என்று ஏஜென்ட் பேச்சை நம்பி ரஷ்யா போன இந்தியப் பையன்களை ராணுவத்தில் சேர்த்து உக்ரைன் போர்முனைக்கு அனுப்பியது உங்களுக்குத் தெரியும். 12 பேர் இறந்ததாக 2025 ஜனவரியில் நம் வெளியுறவு அமைச்சகமே சொன்னது. அதற்கு ஒரு பதாகை வேண்டும். கடற்கரையில் வெளிநாட்டு வேலை தேடுகிற பையன்கள் எத்தனை பேர் சாயங்காலம் உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்கள் கண்ணில் படவேண்டும்.

பண்ருட்டி செக்கு எழுதியது:

எனக்கு அரசியல் பேச வராது. எங்களுக்குக் கடலைச் செக்கு. எல் ஃபாஷரில் முற்றுகை சமயத்தில் ஜனங்கள் அம்பாஸ் என்று எதையோ சாப்பிட்டார்கள் என்று என் மகள் படித்துக் காட்டினாள், என்ன அது என்று கேட்டேன். கடலையை ஆட்டி எண்ணெய் எடுத்தபிறகு மிஞ்சுகிற சக்கை. நம் புண்ணாக்கு. மாட்டுக்கு ஊறவைத்துத் தண்ணியில் கரைத்துக் கொடுப்பது.

எனக்கு அன்றைக்குக் கை ஓடவில்லை. தினம் என் செக்கிலிருந்து மூட்டை மூட்டையாகப் போகிற பொருள் அது. புண்ணாக்கு நாள்பட்டால் பூசணம் பிடிக்கும், பச்சையாகப் படியும், அதைத் தின்றால் மாட்டுக்கே கெடுதல், பால் மூலம் மனுஷனுக்கும் வரும் என்று கால்நடை டாக்டர் எங்களிடம் சொல்லிக்கொண்டே இருப்பார். அதைத்தான் அங்கே குழந்தைக்குக் கொடுத்திருக்கிறார்கள், கடைசியில் அதுவும் கிடைக்கவில்லையாம். சூடான் கடலையும் எள்ளும் கொழிக்கிற பூமி. விளையாத ஊர் பட்டினி கிடந்தால் விதி என்று சொல்லலாம், இது துப்பாக்கியை வைத்துத் தடுத்த பட்டினி.

நான் சனிக்கிழமை கடையை மூடிவிட்டு வரமுடியாது. பணம் அனுப்புவது எப்படி என்று சொல்லுங்கள், அதை ஒழுங்காகச் செய்கிறேன்.

கடற்கரைச்சாலை எழுதியது:

ஐயா, நீங்கள் எழுதியதைப் படித்தபிறகு என் பதிவே வெறும் பேச்சாகத் தெரிகிறது. அந்தப் புண்ணாக்குப் பத்தியைத் துணியில் எழுதிப் பிடிக்கலாமா, அனுமதி கொடுங்கள்.

பணம் விஷயம். என் கணக்கிலோ வேறு யார் கணக்கிலோ சேர்க்க வேண்டாம், இதில் நான் கறாராக இருப்பேன். பொதுப்பணம் என்று வந்தால் மூன்றாவது மாதம் கணக்குச் சண்டை வரும், நிற்கிற வேலையே நின்றுபோகும். அவரவர் கணக்கிலிருந்து நேராக அனுப்புங்கள். ஐநா உணவுத் திட்டத்துக்கு ஷேர் தி மீல் என்று ஒரு செயலி இருக்கிறது, சின்னத் தொகை கூட அனுப்பலாம், உங்கள் வங்கி அட்டையில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையைத் திறந்து வைத்திருக்க வேண்டும். வருமான வரிக் கழிவு வேண்டும் என்றால் இந்தியாவில் வரிக் கழிவுப் பதிவு (80ஜி என்பார்கள்) உள்ள அமைப்புக்குக் கொடுத்தால்தான் கிடைக்கும், வெளிநாட்டு அமைப்புக்குக் கிடைக்காது, அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

சூடானுக்குள்ளேயே ஜனங்கள் நடத்துகிற அவசர உதவி அறைகள் என்று இருக்கின்றன. 2019 புரட்சி சமயத்தில் தெருவுக்குத் தெரு இருந்த இளைஞர் குழுக்கள், 2023 ஏப்ரல் 15 அன்று இரண்டு ஜெனரல்கள் சண்டையை ஆரம்பித்ததும் அப்படியே சமையற்கூடமாகவும் மருந்துக் கூடமாகவும் மாறின. பெரிய தொண்டு நிறுவனங்கள் நுழைய முடியாத இடத்தில் அந்தத் தெருப்பிள்ளைகள் அண்டா வைத்துக் கஞ்சி ஊற்றினார்கள். இரண்டு பக்கப் படையும் அவர்களைப் பிடித்து அடித்திருக்கிறது, கொன்றும் இருக்கிறது. 2025 தொடக்கத்தில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை வெட்டியதும் அந்தச் சமையற்கூடங்களில் பெரும்பகுதி மூடிப்போனது. அதே வருஷம் ரைட் லைவ்லிஹுட் விருது அவர்களுக்குக் கிடைத்தது. போருக்கு எதிரான வேலை என்றால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அந்த அண்டாதான்.

ஏட்டு மகள் எழுதியது:

அனுமதி விஷயம் யாரும் பேசவில்லையே. ஐந்து பேர்தானே என்று போய் நின்றுவிடாதீர்கள். கடற்கரைச் சாலையில் தலைமைச் செயலகம் இருக்கிறது, வி.ஐ.பி. வருகை இருந்தால் அன்றைக்கு யாரையும் நிற்க விடமாட்டார்கள். அந்தப் பகுதிக் காவல் நிலையத்தில் மனு கொடுங்கள், இரண்டு பிரதி எடுத்துப் போய் ஒன்றில் தேதியோடு சீல் வாங்கிக்கொள்ளுங்கள். எத்தனை பேர், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, ஒலிபெருக்கி இல்லை, நகர்ந்து ஊர்வலமாகப் போக மாட்டோம், பொறுப்பாளர் யார், இவ்வளவும் இருக்கவேண்டும். பதாகை வாசகங்களையும் தட்டச்சு செய்து இணைத்துவிடுங்கள், பாதிச் சிக்கல் அங்கேயே தீரும். 163 உத்தரவு, அதாவது பழைய 144, அமலில் இருக்கிறதா என்று அதே இடத்தில் கேட்டுவிடுங்கள். அப்பா சொல்வது, போலீஸ்காரருக்கு எழுத்தில் இருந்தால் மேலே பதில் சொல்ல வசதி, இல்லாவிட்டால் அவர் உங்களைக் கலைப்பதுதான் அவருக்குப் பத்திரம்.

முத்தியால்பேட்டை பெயின்டர் எழுதியது:

சார்ட் அட்டை வாங்காதீர்கள். கடற்கரைக் காற்றில் பத்து நிமிஷத்தில் மடங்கும், உப்பு ஈரம் ஏறித் தொளதொள என்று ஆகும், ஸ்கெட்ச் மை கலங்கி ஓடும். ஃபிளெக்ஸ் படபடவென்று அடித்துக்கொண்டே இருக்கும், மௌனமாக நிற்கிறோம் என்கிறீர்கள், அந்தச் சத்தம்தான் கேட்கும். காடாத்துணி வாங்குங்கள். இரண்டு ஓரமும் மடித்துத் தைத்து உள்ளே மூங்கில் கழி செருகணும். துணியில் அங்கங்கே பிறை மாதிரி வெட்டு விட்டால் காற்று ஊடே போய்விடும், பிடிக்கிறவர் கை வலிக்காது. எழுத்து நாலு விரல் உயரமாவது இருக்கணும், ஒரு துணிக்கு ஒரு சேதிதான், அதற்கு மேல் எழுதினால் நடந்து போகிறவர் படிக்க மாட்டார். செக்கு ஐயா பத்தியைச் சுருக்கிக் கொடுங்கள். துணி உங்களுடையது, எழுதுகிற கூலி வேண்டாம்.

கீழ்புத்துப்பட்டு எழுதியது:

நான் இலங்கை அகதிகள் முகாமில் வளர்ந்தவன், இப்போது மறுவாழ்வு முகாம் என்று பெயர். இந்த இழையை ஆரம்பத்திலிருந்து படித்துக்கொண்டு வருகிறேன். காசா, சூடான், உக்ரைன், மியான்மர் எல்லாம் எழுதினீர்கள், எங்களைப் பற்றி ஒரு வரி இல்லை. கோபமாகச் சொல்லவில்லை. 2009ல் முள்ளிவாய்க்காலில் எங்கள் சொந்தங்கள் செத்தபோது சுடாத வலயம் என்று அரசாங்கமே அறிவித்த இடத்துக்குள்தான் எறிகணை விழுந்தது. கடைசி மாதங்களில் 40,000 பேர் வரைக்கும் செத்திருக்கலாம் என்று 2011ல் ஐநா நிபுணர் குழு எழுதியது. காசாவில் பாதுகாப்பான இடம் என்று சொல்லி ஜனங்களை ஓட்டி, பிறகு அதே இடத்தில் குண்டு போட்டபோது எங்கள் அம்மம்மா டிவியை அணைக்கச் சொல்லிவிட்டார்.

//கோடிக்கணக்கான ஜனம் நின்றே நிற்காத போர்//

மஞ்சக்குப்பத்து அண்ணனுக்கு ஒன்று சொல்லவேண்டும். அப்போது இங்கே மாணவர்கள், வழக்கறிஞர்கள், எத்தனையோ பேர் தெருவில் நின்றார்கள். போர் நிற்கவில்லைதான். ஆனால் பங்கருக்குள் இருந்த என் சித்தி ரேடியோவில் அதைக் கேட்டிருக்கிறார். தமிழ்நாட்டில் பிள்ளைகள் சாப்பிடாமல் இருக்கிறார்களாம் என்று பங்கருக்குப் பங்கர் சேதி போயிருக்கிறது. இன்றைக்கும் அதைச் சொல்லுவார். குண்டு விழுகிற இடத்தில் இருக்கிறவருக்கு, நம்மை யாரோ பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது என்ன என்று எனக்கு விளக்கத் தெரியவில்லை, சித்தி சொல்லும்போது அவர் முகத்தைப் பார்த்திருந்தால் விளங்கும்.

கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் தாய்மார் 2017 பிப்ரவரி 20 அன்று கந்தசாமி கோயிலடியில் உட்கார்ந்தார்கள். வருஷக்கணக்காகத் தொடர்ந்த போராட்டம். பதில் வராமலே அதில் எத்தனையோ தாய்மார் இறந்துபோனார்கள். அவர்களுக்கும் ஒரு துணி வேண்டும். நான் பிடிக்கிறேன்.

கடற்கரைச்சாலை எழுதியது:

தம்பி, கட்டாயம். முதல் துணியே அதுதான். இப்போது நடக்கிற போர்கள் என்று கோடு போட்டுக்கொண்டு எழுதினேன், பிள்ளையைத் தேடுகிற தாய்க்குப் போர் முடியவில்லை என்பது நீங்கள் சொல்லி எல்லோருக்கும் புரிந்திருக்கும்.

லாஸ்பேட்டை மாணவன் எழுதியது:

எல்லாப் போரும் என்றால் 2023 அக்டோபர் 7 அன்று ஹமாஸ் தாக்கியதில் இஸ்ரேலில் செத்தவர்களுக்கும் பதாகை பிடிப்பீர்களா? பிடித்தால் நான் வரமாட்டேன். ஒரு பக்கம் 1,200 பேர், இன்னொரு பக்கம் 60,000 பேருக்கும் மேல். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இரண்டும் ஒன்று என்று சொல்வதுபோல் ஆகும். எங்கள் காலேஜில் காசாவுக்கு மெழுகுவத்தி ஏற்றவே நிர்வாகம் விடவில்லை, கேட்டால் இரண்டு பக்கமும் தப்பு இருக்கிறது என்கிறார்கள். இரண்டு பக்கம் என்று பேசிப் பேசியே வாயை அடைக்கிறார்கள் சார்.

கடற்கரைச்சாலை எழுதியது:

உங்கள் கோபம் நியாயமானது. அந்தப் பேச்சை வைத்து எத்தனை பேரை மடக்கினார்கள் என்று நானும் பார்த்திருக்கிறேன். ஆனாலும் பிடிப்போம் என்றுதான் சொல்வேன், எண்ணோடு சேர்த்துப் பிடிப்போம். 1,200 என்றும் 60,000 என்றும் எழுதிய இரண்டு துணியைப் பார்க்கிறவர் யாருக்கும் சமனாகத் தெரியாது. அதே நேரம் அந்த 1,200ல் பெரும்பாலோர் சிவிலியன்கள், பிடித்துக்கொண்டு போன 250 பேரில் கைக்குழந்தையும் இருந்தது. அதைச் சொல்லக் கூச்சப்பட்டால் நாம் ஒரு பக்கத்துப் பிணத்தை மட்டும் எண்ணுகிறவர்கள் ஆகிவிடுவோம்.

இதை நமக்கு முன்னாலேயே செய்துகாட்டியவர்கள் இருக்கிறார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த இஸ்ரேலியக் குடும்பங்களும் பாலஸ்தீனக் குடும்பங்களும் சேர்ந்து பேரன்ட்ஸ் சர்க்கிள் என்று, 1995ல் ஆரம்பித்த ஓர் அமைப்பை நடத்துகிறார்கள். பள்ளிக்கூடங்களுக்கு இரண்டு பேராகப் போய்ப் பேசியிருக்கிறார்கள், ஒருவர் இஸ்ரேலியர், இன்னொருவர் பாலஸ்தீனர், இருவருமே சொந்தத்தைப் பறிகொடுத்தவர்கள். இந்தப் போர் மூண்டபிறகும் அவர்கள் பிரியவில்லை.

கீழ்புத்துப்பட்டு எழுதியது:

மாணவத் தம்பிக்கு நான் ஒன்று சொல்லட்டுமா. 1990 அக்டோபரில் யாழ்ப்பாணத்து முஸ்லிம் சனங்களை இரண்டு மணி நேரத்தில் வெளியேறச் சொல்லிப் புலிகள் துரத்தினார்கள். பிறந்த வீட்டை விட்டுவிட்டுக் கையில் அகப்பட்டதோடு போனார்கள். நான் முன்னே சொன்ன ஐநா குழு, கடைசியில் புலிகள் ஜனங்களை வெளியே விடாமல் தடுத்ததையும் எழுதியிருக்கிறது. இதைச் சொன்னால் எங்கள் ஆட்களே என்னைத் திட்டுவார்கள், திட்டியிருக்கிறார்கள். ஆனால் இதை நான் சொல்லாவிட்டால் 40,000ஐச் சொல்லும்போது என் குரலே எனக்கு ஒத்துழைக்காது. நீங்கள் வாருங்கள் தம்பி, காசாத் துணியை நீங்களே பிடியுங்கள்.

நர்ஸ் அக்கா எழுதியது:

பிள்ளைகள் வார்டில் வேலை. ஒரே ஒரு வேண்டுகோள், செத்த குழந்தைகளின் போட்டோ எதுவும் வேண்டாம். ரத்தத்தோடு இருக்கிற படத்தைப் பார்த்தால்தான் ஜனங்களுக்கு உறைக்கும் என்று சொல்வார்கள். அந்தக் குழந்தைக்கு அம்மாவோ அத்தையோ உயிரோடு இருந்தால், தெரியாத ஊர்க் கடற்கரையில் நாலு பேர் அதைத் தூக்கிப் பிடித்திருப்பதை விரும்புவாரா என்று கேட்டுப் பாருங்கள். பெயரும் வயதும் எழுதுங்கள், போதும்.

காசா ஆஸ்பத்திரிகளில் டாக்டர்கள் ஒரு சுருக்கெழுத்து வைத்திருந்தார்கள். காயம்பட்ட குழந்தை, குடும்பத்தில் யாரும் உயிரோடு இல்லை என்று கேஸ் ஷீட்டில் எழுதுவதற்கு. ஒன்றிரண்டு கேஸ் என்றால் யாரும் அதற்குச் சுருக்கெழுத்து வைக்க மாட்டார்கள், எழுதி எழுதிக் கை ஓய்ந்துதான் வைப்பார்கள். எங்கள் வார்டில் ஒரு குழந்தையை விட்டுவிட்டு அம்மா டீ வாங்கப் போனாலே அது அழுது ஊரைக் கூட்டும். இதற்குமேல் எழுத முடியவில்லை. டூட்டி இல்லாத சனிக்கிழமைகளில் வருகிறேன்.

தாழங்குடா பொண்ணு எழுதியது:

எல்லோரும் கடற்கரைச் சாலை, கடற்கரைச் சாலை என்கிறீர்கள். அங்கே யார் வருகிறார்கள் என்று யோசித்தீர்களா? டூரிஸ்ட், வாக்கிங் போகிறவர்கள். மீன்பிடிக் குப்பத்துப் பெண்கள் சனிக்கிழமை ஆறு மணிக்கு அங்கே வந்து நிற்கமுடியுமா? மறுநாள் ஞாயிறு, வியாபாரம் அன்றைக்குத்தான். சாயங்காலம் ஐஸ் வாங்கணும், கூடை கழுவணும், வீட்டில் சோறு ஆக்கணும்.

லைபீரியா கதை தெரியும்தானே. பதினாலு வருஷ உள்நாட்டுப் போர். 2003ல் லேமா போவீ கூப்பிட்டு கிறிஸ்தவப் பெண்களும் முஸ்லிம் பெண்களும் வெள்ளை உடுத்திக்கொண்டு தலைநகர் மன்ரோவியாவில் மீன் மார்க்கெட் பக்கத்து மைதானத்தில் போய் உட்கார்ந்தார்கள். அதிபர் சார்லஸ் டெய்லர் கார் போகிற வழி அது, தினம் அவர் கண்ணில் படவேண்டும் என்றே தேர்ந்தெடுத்த இடம். வெயிலிலும் மழையிலும் உட்கார்ந்தே இருந்தார்கள். கானாவில் பேச்சுவார்த்தை இழுத்துக்கொண்டே போனபோது அங்கேயும் போய், பேசுகிற மண்டபத்து வாசலில் கை கோத்து உட்கார்ந்து, முடிவு வராமல் ஒருத்தனையும் வெளியே விடமாட்டோம் என்றார்கள். அந்த ஆகஸ்டிலேயே டெய்லர் பதவி விலகினார், 18ஆம் தேதி ஒப்பந்தம் கையெழுத்தானது. போவீக்கு 2011ல் நோபல் கொடுத்தார்கள்.

2004 சுனாமியில் கடலூர் மாவட்டத்தில் 600 பேருக்கு மேல் போனார்கள், எங்கள் குப்பங்கள்தான் அதிகம். பெயர் தெரியாத ஊர்களிலிருந்து துணி வந்தது, அரிசி வந்தது, பாஷை தெரியாத டாக்டர்கள் வந்தார்கள். எங்கள் அம்மாவிடம் போய் வேறு நாட்டுக்காரனுக்காக ஏன் நிற்கணும் என்று கேட்டுப் பாருங்கள், நல்லா வாங்கிக் கட்டிக்கொள்வீர்கள். மாசத்தில் ஒரு தடவையாவது காலையில், மீன் இறங்கி ஏலம் முடிந்தபிறகு, துறைமுகத்தில் வையுங்கள். அம்மாக்களை நான் கூட்டி வருகிறேன்.

கடற்கரைச்சாலை எழுதியது:

இதை ஏற்றுக்கொள்கிறேன். மாசத்தில் முதல் சனி காலை கடலூர் துறைமுகம், மற்ற சனிகள் சாயங்காலம் புதுச்சேரி. துறைமுகத்துக்கு வேறு ஒரு பொருத்தமும் இருக்கிறது. 2024 பிப்ரவரியில் இந்தியாவின் பெரிய துறைமுகங்களில் இருக்கிற நீர்வழிப் போக்குவரத்துத் தொழிலாளர் சம்மேளனம், இஸ்ரேலுக்குப் போகிற ஆயுதச் சரக்கை ஏற்றவும் மாட்டோம், இறக்கவும் மாட்டோம் என்று அறிவித்தது. சுமை தூக்குகிறவர்கள் சொன்னது அது.

மஞ்சக்குப்பத்தான் எழுதியது:

கீழ்புத்துப்பட்டுத் தம்பி எழுதியதை ராத்திரி இரண்டு தடவை படித்தேன். நிற்பதால் போர் நிற்கும் என்று இன்னமும் எனக்குத் தோன்றவில்லை. ஆனால் ஒரு விஷயம் சேர்த்துக்கொள்ளுங்கள், கடலூர்க்காரனாக எனக்கு இது மனசில் உறுத்திக்கொண்டே இருக்கும். 1783 ஜூனில் கடலூர்க் கோட்டைக்குள் பிரெஞ்சுக்காரர்களும் மைசூர்ப் படையும், வெளியே முற்றுகை போட்டு ஆங்கிலேயர்கள். இரண்டு பக்கமும் நம் சிப்பாய்கள் நூற்றுக்கணக்கில் செத்தார்கள், கடலிலும் சண்டை நடந்தது. ஆனால் பிரான்சும் இங்கிலாந்தும் அந்த வருஷம் ஜனவரி 20ஆம் தேதியே வெர்சேலில் பூர்வாங்க சமாதானத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். சேதி கப்பலில் வந்து சேர ஐந்து மாதம் ஆயிற்று. அப்போது சேதி வராததால் செத்தார்கள். இப்போது போர்நிறுத்தச் சேதி நிமிஷத்தில் எல்லோர் கைக்கும் வந்துவிடுகிறது, அதற்குப் பிறகும் நூறு பேர் சாகிறார்கள்.

அந்த எம்.பி. கடிதம் என்ன ஆயிற்று? அதில் எனக்கு வேலை தெரியும்.

கடற்கரைச்சாலை எழுதியது:

நகல் இதோ. புதுச்சேரிக்கு மக்களவையில் ஒருவர், மாநிலங்களவையில் ஒருவர், கடலூர்த் தொகுதிக்கு ஒருவர், மூன்று பேருக்கும் ஒரே கடிதம். இஸ்ரேலுக்கு ஆயுத ஏற்றுமதியை நிறுத்தச் சொல்லிப் போட்ட வழக்கை உச்ச நீதிமன்றம் 2024 செப்டம்பர் 9 அன்று தள்ளுபடி செய்துவிட்டது, வெளிநாட்டுக் கொள்கை அரசாங்கத்தின் வேலை என்று சொல்லி. அப்படியென்றால் கேட்கவேண்டிய இடம் நாடாளுமன்றம்தான்.

முதல் கேள்வி: 2023 டிசம்பர் 12 அன்று ஐநா பொதுச்சபையில் காசா போர்நிறுத்தத்துக்கு ஆதரவாக ஓட்டுப் போட்ட இந்தியா, 2025 ஜூன் 12 அன்று 149 நாடுகள் ஆதரித்த அதே மாதிரித் தீர்மானத்தில் ஏன் ஒதுங்கி நின்றது? இரண்டாவது: போரில் இருக்கிற நாடுகளுக்கு ஆயுதமும் ஆயுத உதிரிபாகமும் அனுப்ப 2023 அக்டோபருக்குப் பிறகு எத்தனை உரிமம் கொடுக்கப்பட்டது, எந்தெந்த நாட்டுக்கு? மூன்றாவது: ரஷ்யப் படையில் இன்னும் எத்தனை இந்தியர்கள், திரும்பக் கொண்டுவர என்ன நடக்கிறது, சூடானுக்கு இந்தியா என்ன நிவாரணம் அனுப்பியது?

மஞ்சக்குப்பத்தான் எழுதியது:

மூன்றாவதாக எழுதியிருப்பதில் ரஷ்யாவையும் சூடானையும் பிரித்துவிடுங்கள், ஒன்றோடு ஒன்று ஒட்டாத விஷயங்களைச் சேர்த்தால் அதைக் காட்டியே தள்ளிவிடுவார்கள். ஆயுத உரிமக் கேள்வியைப் பாதுகாப்பு அமைச்சகத்துக்கு, ஐநா ஓட்டை வெளியுறவு அமைச்சகத்துக்கு. ஒரு கேள்வி 150 வார்த்தைக்கு மேல் போகக்கூடாது. குறைந்தது 15 நாள் முன்னதாக நோட்டீஸ் கொடுக்கணும், அதனால் கூட்டத்தொடர் தேதி வந்தபிறகு ஓடாதீர்கள், இப்போதே கையில் கொடுத்துவிடுவோம். நட்சத்திரக் குறி இல்லாத கேள்வியாகக் கேட்கச் சொல்லுங்கள், எழுத்தில் பதில் வரும், அது பதிவில் நிற்கும்.

கடலூர் எம்.பி. அலுவலகத்தில் நானே கொண்டுபோய்க் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கி இங்கே போடுகிறேன். தாழங்குடா அம்மாக்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் அதையும் சேர்த்துக் கொடுப்பேன், வெள்ளிக்கிழமைக்குள் கிடைக்குமா என்று சொல்லம்மா.

தாழங்குடா பொண்ணு எழுதியது:

கிடைக்கும் அண்ணா. கடிதத்தைத் தமிழில் பெரிய எழுத்தில் அடித்து அனுப்புங்கள், படித்துக் காட்டிவிட்டுத்தான் கையெழுத்து வாங்குவேன். செக்கு ஐயா எழுதியதையும் படித்துக் காட்டப் போகிறேன்.